எதுவரைக்கும் வந்திருக்கே?

எண்பதுகளில் எங்கள் மன்னார்குடித் தெருவில் என்ன படிக்கிறாய் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. அதற்கு அவசியம் இருக்கவில்லை. ஒரு வீட்டில் விகடன், இன்னொரு வீட்டில் குமுதம், எதிர்வீட்டில் கல்கி வாங்குவார்கள். காசு கொடுத்து வாங்கிய வீடு படித்து முடித்ததும் புத்தகம் கிளம்பிவிடும். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு, கடைசியாகக் கொல்லைப்புற வழியாக எங்கள் வீடு. தெரு முழுக்க ஒரே தொடர்கதைக்குள் இருக்கும்போது கேட்க ஒரு கேள்விதான் உண்டு: “எதுவரைக்கும் வந்திருக்கே?” பதில் தெரிந்த பிறகுதான் பேச்சு ஆரம்பமாகும். முன்னால் போனவர்கள் பின்னால் வருகிறவர்களுக்காக வாயைக் கட்டிக்கொள்வார்கள்.

விகடனில் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ வந்துகொண்டிருந்தது. 2021இல் நடக்கிற கதை. அதில் ஜீனோ என்ற இயந்திர நாய் பேசும், யோசிக்கும். எங்கள் அத்தை ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என்னை வாசிக்கச் சொல்லிவிட்டு, முறத்தில் அரிசி புடைத்தபடி கேட்பாள். புத்தகம் வந்து சேரத் தாமதமானால் விகடன் வாங்கும் வீட்டுக்கே போய், “அந்த நாய்க்கு ஒண்ணும் ஆகலியே?” என்று விசாரித்துவிட்டு வருவாள். அந்த வீட்டு டீச்சர், “நல்லாத்தான் இருக்கு, மீதியை நீங்களே கேட்டுக்குங்க” என்பார். 2021 வந்து போய்விட்டது. பேசுகிற இயந்திரம் இன்று என் சட்டைப்பையில் இருக்கிறது. அத்தை இருந்திருந்தால் அதை ஆயிரம் கேள்வி கேட்டிருப்பாள்.

‘பொன்னியின் செல்வன்’ எங்களுக்கு பைண்டு புத்தகமாகத்தான் கிடைத்தது. 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்த தொடரை, மணியம் வரைந்த படங்களோடு யாரோ வாராவாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்திருந்தார்கள். பல கை மாறியதில் நடுநடுவே அத்தியாயங்கள் காணாமல் போயிருந்தன. அந்த இடம் வந்ததும் சித்தியிடம் போக வேண்டும். பழுவூர் அரண்மனையில் நந்தினி என்ன சொன்னாள், வந்தியத்தேவன் எப்படித் தப்பினான் என்று சித்தி அடுப்பைத் தணித்துவிட்டுச் சொல்வாள். பல வருஷம் கழித்து முழுப் பதிப்பை வாங்கிப் படித்தபோதுதான் அவள் எவ்வளவு சேர்த்துச் சொல்லியிருக்கிறாள் என்று தெரிந்தது. அந்தச் சில அத்தியாயங்களில் எனக்கு இன்றும் சித்தி சொன்னதுதான் பிடிக்கும். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி தீர்த்துச் சொல்லாமல் விட்டதால் எங்கள் திண்ணையில் அந்த வழக்கு முடியவே இல்லை.

எங்கள் ஊருக்கு இதில் ஒரு பழைய பெருமையும் உண்டு. 1931இலேயே மன்னார்குடியில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிச் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார்கள். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனுக்கும் அந்த வண்டிக்கும் தொடர்பு உண்டு. 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததற்குப் பின்னாலும் அவர் உழைப்பு இருந்தது. நான் பார்த்த கிளை நூலகம் அந்தச் சட்டத்தின் பிள்ளை. புத்தகத்தின் பின்பக்கம் ஒட்டிய தேதிச் சீட்டைப் பார்த்தே எதை எடுக்கலாம் என்று முடிவு செய்வோம். முத்திரைகள் நெருக்கமாக விழுந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடலாம். ஓரங்களில் பென்சிலால் ‘முடிவு சரியில்லை’, ‘அழுதுவிட்டேன்’ என்றெல்லாம் எழுதியிருக்கும். துப்பறியும் கதையின் முதல் பக்கத்திலேயே கொலைகாரன் பெயரை எழுதிவைக்கும் பாவிகளும் ஊரில் இருந்தார்கள்.

ஆனால் அந்த நூலகத்துக்கு என் அக்கா வந்ததே இல்லை. அவளுக்கான புத்தகங்களை என் கணக்கில் நான்தான் எடுத்து வருவேன். அவள் அவற்றைப் பாடப்புத்தகத்துக்குள் வைத்துப் படித்தாள். அப்படிப் படித்ததில் ஜெயகாந்தனும் உண்டு. பெண்பிள்ளை கதை படித்தால் கெட்டுப்போவாள் என்று நம்பிய வீடுகள் எங்கள் தெருவில் ஒன்றிரண்டு இல்லை. பழைய நாட்களைக் கொண்டாடும்போதெல்லாம் எனக்கு அந்த ஒளித்த புத்தகமும் நினைவுக்கு வரும். இன்று அக்கா தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அட்டைப்படத்தோடு ‘இப்போது படிப்பது’ என்று போடுகிறாள். அதைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு மனசு நிறைகிறது.

இன்றைக்குப் புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. சென்னையில் 1977இல் தொடங்கிய புத்தகக் காட்சி இருக்க, இப்போது மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது. ஜனவரி வந்தால் வாங்கிய புத்தக அடுக்குகள் எல்லார் போனிலும் ஏறிவிடுகின்றன. கீழே ‘அருமை’, ‘நானும் வாங்க வேண்டும்’ என்று எழுதுகிறார்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. ஆளுக்கொரு புத்தகம் கையில் இருக்கும்போது யார் யாரிடம் எதைக் கேட்பது? யாராவது ஒரு பிடிஎஃபை அனுப்பிவிட்டால் அந்தக் கொஞ்சப் பேச்சும் போச்சு. எழுதியவருக்கு ஒரு காசு போகாத அந்தக் கோப்புகளை அனுப்புகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. தெருவே ஒரு விகடனைப் படித்தபோதும் அதற்கு ஒரு வீடாவது காசு கொடுத்திருந்தது.

2022இல் ‘பொன்னியின் செல்வன்’ படமாக வந்தபோது எங்கள் குடும்பக் குழுவில் கரிகாலன் வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்தது. ஒரே கதையை எல்லாரும் ஒன்றாகப் படிக்கலாமே என்று அக்காதான் சொன்னாள். அவள் கையில் கிண்டில், துபாயில் இருக்கும் தம்பி காரில் ஒலிப்புத்தகம் கேட்கிறவன், எனக்குக் காகிதம்தான் வேண்டும். பக்க எண் ஒத்துவராததால் அத்தியாயக் கணக்கு வைத்துக்கொண்டோம்.

ஜெயகாந்தனை எடுத்தபோது பேச்சு சூடாகிவிட்டது. முதலில் 1966இல் விகடனில் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதை. மழையில் யாரோ ஒருவன் காரில் ஏறிக் கெடுக்கப்பட்டு வரும் மகளின் தலையில் அம்மா தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அன்றைக்குத் தமிழ்நாட்டில் அதற்கு எழுந்த எதிர்ப்பு கொஞ்சமல்ல. பிறகு ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவல். அதே சம்பவம்தான், ஆனால் இதில் அம்மா ஊரறியக் கத்திவிடுகிறாள். மகள் கங்காவின் வாழ்க்கை வேறாகிவிடுகிறது. எந்த அம்மா உண்மையானவள் என்று நாங்கள் அடித்துக்கொண்டிருந்தோம். அக்காவுக்கு முதல் அம்மா மேல் அப்படியொரு பக்தி. பதினாறு வயசில் அந்தக் கதைதான் தனக்குத் தைரியம் கொடுத்தது என்று முதல்முறையாகச் சொன்னாள். கல்லூரியில் படிக்கும் அவள் மகள் குறுக்கே வந்தாள்: “தப்பு பண்ணினது அவன். அவ தலையில எதுக்கும்மா தண்ணி ஊத்தணும்?”

அக்கா அன்றிரவு வெகுநேரம் தட்டச்சு செய்துகொண்டே இருந்தாள். அந்தக் காலத்தில் அந்தத் தண்ணீரே எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரு முழுப் பக்கம் எழுதி, கடைசியில் மகள் கேட்டதும் நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டாள். மகள் அதற்குள் அடுத்த நாவலான ‘கங்கை எங்கே போகிறாள்’ எடுத்து, எங்கள் எல்லாரையும் தாண்டிப் பாதி முடித்திருந்தாள். “வாயைத் திறக்காதேடி, நாங்க வந்து சேர்ற வரைக்கும்” என்று அக்கா அவளுக்கு உத்தரவு போட்டிருக்கிறாள்.