அமைதியான ஊர், அடாவடிப் பாட்டு

லூப்லியானா

அன்பு மாப்ளே,

திருவிழா சீசனில் உங்கள் மெல்லிசைக் குழுவுக்கு மூச்சுவிட நேரமில்லை என்று அம்மா சொன்னாள். ஸ்லோவேனியாவில் என்னதான் பாட்டு கேட்பார்கள் என்று கேட்டிருந்தாயே, சொல்கிறேன்.

இந்த நாட்டின் மொத்த ஜனத்தொகை சுமார் 21 லட்சம். நம் மதுரை மாவட்டத்திலேயே இதைவிட ஆள் அதிகம். ராத்திரி பத்து மணிக்கு மேல் மிக்ஸி போட்டால் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டி, சிரித்த முகமாகவே கண்டிப்பார். அதே மனிதர் சனிக்கிழமை ஆனால் கறுப்பு பனியனை மாட்டிக்கொண்டு ராக் கச்சேரிக்குக் கிளம்பிவிடுவார்.

போகுமிடம் மெட்டெல்கோவா. யூகோஸ்லாவிய ராணுவம் காலி செய்த முகாம் அது. இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் 1993-இல் கலைஞர்களும் இளைஞர்களும் புகுந்து உட்கார்ந்தவர்கள்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை. அந்த முகாமின் சிறைச்சாலை இப்போது தங்கும் விடுதி. கம்பி போட்ட அறைக்குள் சுற்றுலாப் பயணிகள் காசு கொடுத்துப் படுக்கிறார்கள்! கச்சேரியில் ட்ரம்ஸ் அடித்தால் நெஞ்செலும்பு அதிர்கிறது. எனக்குப் பக்கத்தில் நின்ற பாட்டியம்மா காதில் ஸ்பாஞ்ச் அடைப்பானைத் திணித்துக்கொண்டு ஒரு வரி விடாமல் பாடினார்.

இவர்களின் ராக் வரலாறே வம்பு வரலாறு. 1977-இல் பாங்கிர்த்தி என்ற பங்க் குழு கிளம்பியது. பெயரே ஒரு வசவு. அர்த்தத்தை வீட்டில் சொல்லிவிடாதே. கம்யூனிஸ்ட் ஆட்சியில் அப்படிப் பெயர் வைக்கத் துணிச்சல் வேண்டும்.

அடுத்தது லைபாக். 1980-இல் டிர்போவ்லியே என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் தொடங்கிய குழு. லூப்லியானாவின் ஜெர்மன் பெயரைச் சூட்டிக்கொண்டு, ராணுவ உடுப்பில் மேடையேறினார்கள். நாஜி ஆக்கிரமிப்பை மறக்காத ஜனங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? 1983-இல் அந்தப் பெயரில் இங்கே கச்சேரி செய்யவே தடை விழுந்தது. சும்மா இருந்தார்களா? 1988-இல் பீட்டில்ஸின் ‘லெட் இட் பீ’ ஆல்பத்தைத் தங்கள் பாணியில் பாடி வெளியிட்டார்கள், அந்தத் தலைப்புப் பாட்டை மட்டும் விட்டுவிட்டு. பொங்கல் படையலில் பொங்கலைக் காணோம் என்பதுபோல! 2015-இல் வட கொரியாவுக்கே போய், ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ பாட்டுகளைப் பாடிவிட்டுப் பத்திரமாகத் திரும்பினார்கள்.

கூட்டம் சேராது என்று நினைக்காதே. 2003-இல் சித்தார்த்தா குழு பெஜிகிராட் மைதானத்தில் சிம்பொனி இசைக்குழுவோடு வாசித்தபோது சுமார் 30,000 பேர் வந்தார்களாம். அதாவது நாட்டில் எழுபது பேருக்கு ஒருவர்! குழுவின் பெயர் ஹெர்மன் ஹெஸ்ஸே நாவலிலிருந்து எடுத்தது. நம் பக்கத்துப் பெயராயிற்றே என்று நானும் ஒரு டி-ஷர்ட் வாங்கிவிட்டேன்.

2023 யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் ஜோக்கர் அவுட் குழுப் பையன்கள் தாய்மொழியிலேயே பாடினார்கள். கிடைத்தது 21-ஆவது இடம். ஆனால் இன்று பின்லாந்து, பிரிட்டன் பெண்பிள்ளைகள் ஸ்லோவேனிய வரிகளை மனப்பாடம் செய்கிறார்கள். உலகம் கேட்க வேண்டுமானால் இங்கிலீஷில்தான் பாட வேண்டும் என்று வாதாடுவாரே உங்கள் கீபோர்டுக்காரர், அவரிடம் இதைச் சொல்.

நீ சித்தார்த்தாவில் தொடங்கு, பிறகு பாங்கிர்த்திக்குப் போ. லைபாக்கை மட்டும் பெரியவர்கள் வீட்டில் இல்லாதபோது போட்டுக் கேள்.

அன்புடன்,
உன் மாப்ளை