கணுவுக்குத் தனி ரேட்டா, மருமவனே?

வாரும்வே மருமவனே, உக்காரும். காக்கநாட்டு ஐடி வேலைய விட்டுட்டு மட்டாஞ்சேரியில மரச்சாமான் கடை போடப் போறீராமே. உம்ம அம்மா போன்ல ஒரே அழுகை. நான்தான் தேத்துனேன். "ஏ தங்கச்சி, அழாத. உன் மவன் இத்தன நாளும் கம்ப்யூட்டர்ல இருக்க தப்பத் திருத்திச் சம்பளம் வாங்குனான். இனிமே மரத்துல இருக்க தப்பத் திருத்தாம அப்படியே வித்துச் சம்பாதிக்கப் போறான். வேலை கம்மி, ராத்திரி ஷிப்டும் கெடையாது"ன்னேன். சமாதானம் ஆயிட்டா.

உம்ம பலா மேசையப் பாத்தேன். நடுவுல ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. ஒரு ஓரம் பட்டை உரிச்ச மேனிக்கு வளைஞ்சு நெளிஞ்சு கெடக்கு. மூலையில ஒரு கணு, விளிம்புல நாலஞ்சு பூச்சித் துளை. விலை அட்டையில 'இயற்கையின் கையெழுத்து'ன்னு எழுதியிருக்கீரு. படிச்சதும் எனக்குப் பெரிய மரியாதை வந்துட்டு. ஒரே ஒரு சந்தேகம்தான். அந்த நாலுல ஒண்ணு கள்ளக் கையெழுத்துவே. மரம் போட்டதில்ல, நீரு போட்டது. எதுன்னு பொறவு சொல்லுதேன். முதல்ல இந்தத் தெரு யாவாரத்தக் கேளும்.

1568ல கட்டுன பரதேசி சினகாக் நிக்கிற ஜூ டவுன்ல, போன மாசம் இழைச்ச நாற்காலிய 'போன மாசத்துது'ன்னு சொல்லி எவன் விப்பான்? இங்க மிளகும் சுக்கும் அடைச்சு வச்ச கிட்டங்கிகதான் முன்னால. யூதர்கள்ல முக்கால்வாசிப் பேர் 1950கள்ல தொடங்கி இஸ்ரேலுக்குப் போயிட்டாங்க. வருசம் போகப்போகத் தெருவெல்லாம் பழம்பொருள் கடையாச்சு. இடிச்ச நாலுகெட்டு வீட்டுத் தூண், கதவு நிலை, நெல்லுப் போட்ட பத்தாயம், எஸ்டேட் துரைமார் காலை நீட்டிப் படுத்த சாய்வு நாற்காலின்னு வந்து குமிஞ்சுது. பழைய வீடு தீந்து போச்சுன்னா கடைய மூடவா முடியும்? பழசையே புதுசாச் செய்ய ஆரம்பிச்சவங்களும் உண்டு. சங்கிலியால நாலு போடு போட்டா அம்பது வருசம் கூடும். வினிகர்ல துருப்பிடிச்ச ஆணிய ஊறப்போட்டு அந்தத் தண்ணியத் தடவுனா, மரத்துத் துவர்ப்பும் இரும்பும் சேந்து கறுத்து இன்னொரு அம்பது ஏறும். எந்தக் கடைன்னு கேக்காதேயும், நாளைக்கும் நான் இந்தத் தெருவழியாத்தான் டீக்குடிக்கப் போகணும்.

ஆனா அந்தக் கடைக்காரனக் கொறை சொல்ல உமக்கு யோக்கியதை இல்ல. அவன் இல்லாத கொறைய உண்டாக்க வேர்வை சிந்துதான். நீரு இருக்க கொறைய எண்ணெய் தடவி, பக்கத்துல ஒரு செடியும் வச்சுப் போட்டோ எடுக்கீரு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம். அவளாவது கோணலுக்குக் காசு கேக்கல.

கோவிச்சுக்கிடாதேயும். போன்ல ஒரு பெரிய மனுசரக் காட்டுனீரே, ஜார்ஜ் நகாஷிமா. கணுவையும் வெடிப்பையும் மறைக்காம மேசை செஞ்சு உலகப் புகழ் வாங்குனவருன்னு. வாஸ்தவம். அவரு நம்ம பக்கத்துக்கு வந்தவருதான், தெரியுமா? அரவிந்தர் ஆசிரமத்துக்கு கோல்கொண்ட் விடுதி கட்ட, கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்டோட ஆளா 1930கள்ல பாண்டிச்சேரிக்கு வந்தாரு. வந்தவரு ஆசிரமத்துலயே சேந்துட்டாரு. அரவிந்தர் வச்ச பேரு சுந்தரானந்தா. 1964ல அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கும் வந்து மேசை நாற்காலிக்கு வடிவம் போட்டுக் குடுத்தாரு.

இந்த ரெண்டுக்கும் நடுவுல நடந்ததத்தான் உம்ம போன் காட்டாது. 1942ல, அமெரிக்காவுலயே பொறந்த மனுசன, ஜப்பான் வம்சம்ங்கிற ஒரே காரணத்துக்காகக் குடும்பத்தோட ஐடஹோவுல மினிடோக்கா முகாம்ல அடைச்சு வச்சாங்க. அங்க கெந்தாரோ ஹிக்கோகாவான்னு ஒரு ஜப்பான் ஆசாரி. எம்.ஐ.டி.யில கட்டடக் கலை படிச்சவரு, அந்த ஆசாரிக்குப் பக்கத்துல குந்தி உளி தீட்டுறதுலருந்து பாடம் கேட்டாரு. கெடைச்ச ஒட்டு ஒடசல் கட்டையிலதான் பழக்கம். வெடிப்ப விட்டு வைக்கிற துணிச்சல் அதுக்குப் பொறவு வந்தது. நீரு துணிச்சல முதல்ல வாங்கீட்டீரு, உளிக்கு இன்னும் ஆர்டர் போடல.

அவரு வெடிப்ப எப்படி விட்டாருன்னு கிட்டப் போய்ப் பாரும். வெடிப்புக்குக் குறுக்கால பட்டாம்பூச்சி மாதிரி ஒரு கட்டை பதிச்சிருப்பாரு. ரெண்டு பக்கமும் அகலம், நடுவுல இடுப்பு. அலங்காரம்னு நினைச்சீரோ? அந்தக் கட்டையோட ரேகை வெடிப்புக்குக் குறுக்கால ஓடணும். ரேகைய வெடிப்புப் பக்கமாவே வச்சீருன்னா, அது இடுப்புல ஒடிஞ்சு வெடிப்போட சேந்துக்கிடும். குழிய உளியால எடுத்து, மயிரிழை எடங்கூட இல்லாம இறக்கணும். வெடிப்பு மேல ஓடாம நிக்கும். நீரு அந்த எடத்துல நீலக் கலர்ல ரெசின ஊத்தி 'காயல்'ன்னு பேரு வைக்கலாம்னு இருக்கீராம். வையும். வேம்பநாட்டுக் காயல்னா படகு வீடு ஒண்ணும் மிதக்க விடும், இன்னும் ஒரு ரெண்டாயிரம் சேத்துக் கேக்கலாம்.

இப்பக் கள்ளக் கையெழுத்துக்கு வாறேன். மேசையக் கவுத்துப் பாத்தேன். மேல்பலகைய நாலு பக்கமும் சட்டத்தோட பசை போட்டு, திருகாணியும் முறுக்கியிருக்கீரு. மரம் செத்த பொறவும் மூச்சு விடும்வே. இடவப்பாதி மழைக்கு ஊறி அகலும், கும்பம் மீனம் வெயிலுக்குச் சுருங்கும். நீளத்துல அசைவு இருந்தாலும் தெரியாது, அகலத்துலதான் எல்லாம். அதுலயும் வளையத்த ஒட்டிச் சுருங்குறது, நடுவுலருந்து பட்டையப் பாத்துச் சுருங்குறதப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. உம்ம பலகைக்கு அசைய எடமே இல்ல. அது என்ன செய்யும்? நட்ட நடுவுல வாயப் பொளந்துட்டு. அதுக்கு நீரு 'இயற்கை'ன்னு பட்டம் கட்டுதீரு! சட்டத்துல துளைய நீளவாக்குல எடுத்து, ஆணி அங்கிட்டும் இங்கிட்டும் நகர எடம் விட்டிருந்தா இந்தக் கையெழுத்தே விழுந்திருக்காது. இங்க ஊறிக்கிடக்கிற மேசைய பெங்களூரு ஏசி ரூமுக்கு அனுப்பினீருன்னா இன்னும் ரெண்டு மூணு கையெழுத்து இலவசம். ஒரு இஞ்சு பலகைக்கு ஒரு வருசம் நிழல்ல அடுக்கிக் காய வைன்னு எங்கப்பா சொல்லுவாரு. உமக்குத்தான் அடுத்த வாரமே டெலிவரியாச்சே.

கணு சங்கதி வேற. உயிருள்ள கிளை நின்ன எடத்துல மரத்து நாரும் கிளை நாரும் கலந்திருக்கும். அந்தக் கணு அசையாது, தாராளமா மேசைக்கு நடுவுல வையும், அழகுதான். கிளை செத்தப்பொறவு அடிமரம் அதச் சுத்தி வளந்திருந்தா நார் சேராது, ஓரத்துல கறுப்பா ஒரு வளையம் தெரியும். விரல மடக்கித் தட்டிப் பாரும், சத்தம் மாறும். இன்னைக்கு நிக்கும், ஒரு நாள் காப்பித் தம்ளர் வச்ச வேகத்துல கழண்டு, வந்தவன் மடியில விழும். ரெண்டு கணுவையும் நாற்காலிக் காலுல மட்டும் வைக்காதேயும். அந்த எடத்துல ரேகை சுழிச்சுக்கிட்டு ஓடும், பாரம் வந்தா அங்கதான் முறியும். தடிச்ச ஆளு ஒருத்தரு உக்காந்து எந்திரிக்கட்டும், அப்புறம் கையெழுத்து ஆஸ்பத்திரி நோட்டுலதான்.

பூச்சித் துளைக்கு வாரும். அது வைரத்துல இல்ல, வெளி வெள்ளையில இருக்கு. மாவுச்சத்து அங்கதான் உண்டு, பூச்சிக்கு அதுதான் சாப்பாடு. கீழ ஒரு வெள்ளைத் தாள விரிச்சு வச்சு ராத்திரி விடும். காலையில தாள்ல தூள் கெடந்தா உள்ள இன்னும் குடித்தனம் நடக்கு. அவங்களோட சேத்தா விக்கீரு? அப்ப வாடகைய யாரு வாங்குறதுன்னு சீட்டுல எழுதிக் குடுத்துரும்.

கோணல் மரத்த நம்ம ஆளுக தூக்கிப் போட்டதில்ல, அதச் சொல்லணும். ஊர்ல கலப்பைக்குக் கருவேலங் கட்டை தேடிப் போனா, எங்கப்பா நேர் மரத்தத் திரும்பிக்கூடப் பாக்கமாட்டாரு. எந்தக் கிளை எந்தக் கோணத்துல முறுக்கிப் போகுதுன்னு அண்ணாந்து பாத்தே நடப்பாரு. மரமே வளைஞ்சிருந்தா நாரும் கூடவே வளைஞ்சு ஓடும், மண்ணுல மாட்டுனாலும் பிளக்காது. நேர் மரத்த வளைவா அறுத்தா நார் பாதியில அறுந்து போகும், முதச் சாலுலயே ஒடியும். பேப்பூர்ல உரு கட்டுற மூத்தாசாரிமாரும் கப்பலோட விலாவுக்கு வளைஞ்ச மரத்தத்தான் தேடுவாங்க. நேர் மரத்துக்கு மவுசு வேற வேலைக்கு. மலபார் கலெக்டர் கனோலி துரை 1840கள்ல நிலம்பூர்ல தேக்கு நடச் சொன்னாரு, சாத்து மேனோன் முன்ன நின்னு நட்டு வளத்தாரு. நெருக்கமா நட்டா வெளிச்சத்துக்குப் போட்டி போட்டு நேரா ஏறும், கீழ்க்கிளை சின்னதுலயே உதிரும், கணு கம்மி. ஆனா வெடிப்புக்கு எங்கயும் மவுசு கெடையாது. வீணைக் குடத்துக்குப் பலா பாக்கிற தஞ்சாவூர் ஆசாரிகிட்டப் போய் 'வெடிப்பு ஒரு அழகு'ன்னு சொல்லிப் பாரும், கொட்டாப்புளிய எடுத்துக்கிட்டு வருவாரு.

சரி, மேசையத் தூக்கிப் போட வேண்டாம். ஆணியக் கழத்தும். பசைய விடுவிச்சு, சட்டத்துல துளைய நீட்டும். பூச்சி வெள்ளைய ஒரு விரக்கடை செதுக்கி எறியும், நெளிவு போயிருமேன்னு அழாதேயும், அடுத்த மரத்துலயும் நெளிவு உண்டு. வெடிப்புக்கு ஈட்டி மரத்துண்டுல ரெண்டு பட்டாம்பூச்சி செஞ்சு பதிக்கணும். முதல்ல கழிவுக் கட்டையில பத்து செஞ்சு என்கிட்டக் கொண்டுவாரும், அதுல எது விறகுன்னு நான் சொல்லுதேன். பட்டாம்பூச்சிக்குத் தனி ரேட்டு போட்டுக்கிடும், தப்பில்ல. கணுவுக்குப் போட்டீருன்னா அந்தக் காச மரத்துக்காரனுக்குத்தான் குடுக்கணும்.

சனிக்கிழமை அந்தப் பெங்களூரு அம்மா மேசை பாக்க வாராங்கன்னீரு. நானும் கடையில ஒரு ஓரமா உக்காந்திருக்கேன், வெள்ளைத் தாடி இருந்தா கடைக்கும் வயசு கூடும். விலை சொல்லும்போது மாத்திரம் என் பக்கம் திரும்பாதேயும். எனக்குச் சிரிப்ப அடக்கத் தெரியாது.