தேயிலை மலையில் மீன்கொத்திக்கு என்ன வேலை?

கே: எங்கள் லயத்துப் பக்கம் ஆறும் இல்லை, குளமும் இல்லை. கரண்ட் கம்பியில் தினமும் ஒரு மீன்கொத்தி வந்து உட்காருகிறது. வழி தவறி வந்ததா?
(பொகவந்தலாவை வாசகி)

ப: இல்லை அம்மா, அதற்கு வீடே அங்கேதான். அது வெண்தொண்டை மீன்கொத்தி. வெட்டுக்கிளி, வண்டு, ஓணான், தவளை, மண்புழு, சுண்டெலி என்று தரையில் கிடைப்பதை வைத்தே வயிற்றைக் கழுவிக்கொள்ளும். மீன் கிடைத்தால் அதுவும் சரி. கவ்வாத்து வெட்டிய மலையில் தரை வெளித்துக் கிடக்கும்போது அதற்கு வேட்டை சுலபம். கம்பியில் அசையாமல் இருக்கும். கீழே ஏதாவது நகர்ந்தால் ஒரே பாய்ச்சல். பிடித்ததைக் கிளையில் அடித்துக் கொன்ற பிறகுதான் விழுங்கும்.

கே: காசல்ரீ நீர்த்தேக்கத்தில் பார்த்த சின்ன நீல மீன்கொத்தி இதன் குஞ்சா?
(நோர்வூட் மாணவர்)

ப: குஞ்சு அல்ல, வேறு இனம். சிறு நீல மீன்கொத்தி வளர்ந்தாலும் 16 செ.மீ. அளவுதான். அதற்குத் தண்ணீர் இல்லாமல் முடியாது. வெண்தொண்டையார் 28 செ.மீ. வரை இருப்பார்: காப்பிக்கொட்டை நிறத் தலை, வெள்ளை மார்பு, நீல முதுகு, பெரிய சிவப்பு அலகு.

கே: வெண்தொண்டை மீன்கொத்தியின் அறிவியல் பெயரில் துருக்கி ஊர் எப்படி வந்தது?
(ஹட்டன் ஆசிரியர்)

ப: ஹல்சியோன் ஸ்மிர்னென்சிஸ் என்பது பெயர். ஸ்மிர்னா என்பது இன்றைய இஸ்மிர். அங்கிருந்து கிடைத்த பறவையை எலியாசர் அல்பின் என்ற ஆங்கிலேய ஓவியர் படத்தோடு விவரித்தார். அதை வைத்து 1758இல் லின்னேயஸ் பெயர் சூட்டினார். துருக்கியிலிருந்து தென்கிழக்காசியா வரை வாழும் பறவைக்கு ஒரு துறைமுகத்தின் பெயர் போதாது என்பதே என் எண்ணம். ஆனால் முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை என்பது விலங்கியல் விதி.

கே: அந்த நீலம் எங்கிருந்து வருகிறது?
(தலவாக்கலை வாசகர்)

ப: ஒளியிலிருந்து. இறகில் நீலச் சாயம் கிடையாது. அதன் நுண்ணமைப்பு நீல ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அந்த நீலத்துக்காகவே இந்தியாவில் ஒரு காலத்தில் இவற்றைக் கொன்று இறகை ஏற்றுமதி செய்தார்கள்.

கே: ரோட்டோர மண்மேட்டில் ஒரு துளை. எலி வளை என்று அடைக்கச் சொல்கிறார்கள். அடைக்கலாமா?
(லிந்துலை வாசகர்)

ப: அடைக்க வேண்டாம். முதலில் தூர நின்று ஒரு மணி நேரம் பாருங்கள். இரையோடு மீன்கொத்தி உள்ளே போனால் அது கூடு. ஆணும் பெண்ணும் சேர்ந்து செங்குத்தான மண்ணை அலகால் குடைந்து, சில வேளை ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் போடும். கடைசியில் ஓர் அறை. அதில் நாலு முதல் ஏழு வரை உருண்டையான வெள்ளை முட்டைகள். துளை வாயில் எச்சம் வழிந்து நாற்றம் அடித்தால் உள்ளே குஞ்சுகள் இருக்கக்கூடும். மலையை வெட்டி ரோடு போட்டபோது உண்டான மண்சுவர்கள்தான் தோட்டத்தில் இதற்குக் கிடைத்த வீட்டுமனை. மண் சரியுமென்று பயந்து கல் கட்டத்தான் வேண்டுமென்றால், குஞ்சுகள் பறந்து போகும்வரை வேலையைத் தள்ளி வையுங்கள்.

கே: மலைநாட்டுப் பறவைகளைப் பற்றி நம் பக்கத்து ஆள் யாராவது எழுதியிருக்கிறார்களா?
(கந்தப்பளை மாணவி)

ப: உங்கள் ஊரிலேயே பிறந்தவர் எழுதியிருக்கிறார்! ஜி. எம். ஹென்றி, 1891இல் கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். படங்களையும் அவரே வரைந்து, இலங்கைப் பறவைகளுக்கான கையேட்டை 1955இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். கொழுந்து பறிக்கும் கைகள் தினமும் பார்க்கிற பறவைகளைப் பற்றி மலையகத் தமிழிலும் எழுத வேண்டும், மகளே. உங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் இந்த மீன்கொத்தியை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள்.