இரண்டு கதவா, ஐந்து கதவா?

டெட்ராய்ட் வட்டாரத்தில் கார் வாங்கப் போகிறவனுக்கு முதல் சங்கடம், கேட்காமலே யோசனை சொல்கிறவர்கள் அத்தனை பேரும் நிஜமாகவே விஷயம் தெரிந்தவர்களாக இருப்பது. நோவை பக்கம் எந்தத் தமிழர் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போனாலும், பிரியாணித் தட்டோடு பக்கத்தில் வந்து உட்காருகிறவர் ஏதாவது ஒரு காரின் ஏதாவது ஒரு பாகத்துக்குப் பொறுப்பானவர். ஒருவர் பிரேக். ஒருவர் சீட்டுக்குள் அடைக்கும் நுரை. இன்னொருவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கதவுக் கீல், கீல் மட்டும். முழுக் காரையும் பார்த்தவர் யாரும் கிடையாது. "எந்த வண்டி வாங்கலாம்?" என்று வாய்விட்டுக் கேட்டால் கீல்காரர் கீலைப் பற்றித்தான் சொல்வார். பிரேக்காரர், எல்லா வண்டியும் ஆபத்து என்பார்.

நான் இந்தக் கூட்டத்தில் சேர்த்தியில்லை. வாகனக் காப்பீட்டுக் கணக்குகளுக்கு மென்பொருள் எழுதுகிறவன். எங்கள் வீட்டில் கார்த் துறைக்காரி என் மனைவி. காருக்குள் கேட்கும் இரைச்சலையும் அதிர்வையும் குறைப்பது அவள் வேலை. ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம் எத்தனை ஹெர்ட்ஸ் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். நான் குறட்டை விட்டால் அதற்கும் ஓர் எண் வைத்திருக்கிறாள்.

என் பழைய செடானை உப்பு தின்றுவிட்டது. மிஷிகனில் பனிக்காலம் முழுக்க சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். அதற்காக யாரும் கடலோரம் போக வேண்டியதில்லை. டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே, ஆயிரம் அடிக்கும் கீழே, பெரிய உப்புச் சுரங்கம் இருக்கிறது. மேலே கார் செய்கிறார்கள், கீழே அதை அரிக்கும் சரக்கைத் தோண்டுகிறார்கள். ஊர் பிழைக்க இதைவிடக் கச்சிதமான ஏற்பாடு இருக்க முடியாது. என் வண்டியில் முதலில் சைலன்சரைத் தாங்கும் பட்டை போனது. பிறகு கதவுக்குக் கீழே உள்ள தகடு, விரலால் தொட்டால் பொலபொலவென்று உதிர்ந்தது.

நாற்பதைத் தாண்டிய, இரண்டு வயதுப் பெண் குழந்தையின் தகப்பனுக்குச் சந்தையில் நியாயமான வண்டிகள் நிறைய உண்டு. அப்படி ஒன்றை மனைவி ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருந்தாள். ஆகவே எனக்குக் கொஞ்சம் அநியாயம் செய்துகொள்ள அனுமதி கிடைத்தது. இரண்டு பெயர்கள் மிஞ்சின: ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ, ஃபோர்டு மஸ்டாங் ஜிடி. முதலாவது ஹாட் ஹேட்ச்: காய்கறி வாங்கப் போகிற ஐந்து கதவு வண்டிக்குள் 241 குதிரைத்திறன். இரண்டாவது மசில் கார்: நீள மூக்கு, இரண்டே கதவு, ஐந்து லிட்டர் வி8, 480 குதிரைத்திறன். மஸ்டாங்கை மசில் கார் என்று சொல்லக் கூடாது, அது 'போனி கார்' என்று வாகனப் புலவர்கள் திருத்தக் கிளம்புவார்கள். அவர்களுக்கு வணக்கம். போட்டி வண்டிகளான கேமரோ, சேலஞ்சர் இரண்டின் தயாரிப்பும் 2023 டிசம்பரில் நின்றுவிட்ட பிறகு இந்தத் தெருவில் மிச்சமிருக்கும் பெரியவரை யாரும் ஜாதி கேட்கத் தேவையில்லை.

எனக்கு இந்த இரண்டு ஜாதிகளின் பிறப்பும் பிடிக்கும், ஏனென்றால் இரண்டுமே மேலதிகாரியை ஏய்த்துப் பிறந்தவை. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்தைத் தாண்டிய இன்ஜின் வைக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் விதி போட்டிருந்தது. பான்டியாக் பிரிவின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியன் 389 கன அங்குல இன்ஜினைத் தூக்கி டெம்பெஸ்ட் வண்டிக்குள் வைத்தார். புது மாடல் என்றால்தானே மேலிடத்து ஒப்புதல் வேண்டும்? இது வெறும் 'ஆப்ஷன்' என்று கணக்குக் காட்டினார். அதுதான் 1964 மாடல் ஜிடிஓ. விற்பனைத் துறை 5,000 போகும் என்றது. முதல் வருஷமே 32,000-க்கு மேல் போனது. பத்து வருஷம் கழித்து ஜெர்மனியில் ஃபோக்ஸ்வாகன் பொறியாளர்கள் சிலர், வேலை நேரம் போக, கமுக்கமாக ஒரு கோல்ஃபை முறுக்கேற்றினார்கள். 1975-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் காட்டினார்கள். அங்கேயும் விற்பனைத் துறை சொன்ன எண் அதே 5,000. முதல் தலைமுறையே நாலரை லட்சத்தைத் தாண்டியது. 5,000 என்பது விற்பனைத் துறையில் "எங்களுக்கு நம்பிக்கையில்லை" என்பதற்குச் சொல்லும் எண் போலிருக்கிறது.

மனைவியிடம் இதையெல்லாம் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "சத்தம் எப்படி?"

சத்தத்தில்தான் கூத்து. மஸ்டாங்கில் சைலன்சரை அடக்கிவைக்க ஒரு வசதி உண்டு. ஃபோர்டு பொறியாளர் ஒருவர் வீட்டு வாசலில் தன் மஸ்டாங்கைப் பின்னால் எடுத்தபோது, பக்கத்து வீட்டார் போலீஸைக் கூப்பிட்டுவிட்டாராம். அந்த அவமானத்திலிருந்து பிறந்த இந்த ஏற்பாட்டுக்கு 'நல்ல அண்டைவீட்டார்' என்றே பெயர் வைத்தார்கள். காலை ஆறு மணிக்கு வண்டி தானாகவே சுமார் 10 டெசிபல் குறைத்துப் பேசும். 10 டெசிபல் குறைந்தால் காதுக்குப் பாதிச் சத்தமாகத் தெரியும் என்றாள் மனைவி, தொழில் மரியாதையோடு. ஜிடிஐ கதை நேர் எதிர். முந்தைய தலைமுறை ஜிடிஐயில் முன்கண்ணாடிக்கு அடியில் வட்டமாக ஒரு சாதனம் இருக்கும். இன்ஜின் போடாத சத்தத்தையும் சேர்த்து உள்ளே அனுப்புவது அதன் வேலை. அதாவது ஒன்று வாயை மூட மாட்டேன் என்கிறது, இன்னொன்று வாயில்லாமலே பேசுகிறது. "சத்தத்தைக் குறைக்கிறதுக்கு எனக்குச் சம்பளம் கொடுக்கிறாங்க. ஏத்துறதுக்கும் ஒருத்தருக்குக் கொடுக்கிறாங்களா?" என்று அவள் அரைமணி நேரம் புலம்பினாள். டாட்ஜ் நிறுவனம் மின்சார மசில் காருக்கே செயற்கை சைலன்சர் சத்தம் வைத்திருப்பதை நான் அப்போது சொல்லவில்லை.

அப்பா ஏப்ரலில் வந்து சேர்ந்தார். ஏப்ரலுக்கு மிஷிகனில் வசந்தம் என்று பெயர், பனி கொட்டிக்கொண்டிருந்தது. திருச்சியில் பஸ் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிளட்ச் இல்லாத வண்டியை அவர் வண்டி என்றே ஒத்துக்கொள்வதில்லை. இந்த ஊரில் கிளட்ச் மிதியோடு வந்த கடைசி ஜிடிஐ 2024 மாடல். மஸ்டாங் ஜிடியில் இன்னும் கிடைக்கிறது. ஆக, இரண்டையும் பார்க்கக் குழந்தை சீட்டோடு கிளம்பினோம்.

மஸ்டாங்கின் பானெட்டைத் திறந்ததும் அப்பா கோயிலில் நிற்பவராக நின்றார். கை பின்னால் போய்க் கட்டிக்கொண்டது. "எட்டு சிலிண்டரா?" என்றார் குரலைத் தாழ்த்தி. பிறகு நான் குழந்தை சீட்டை மாட்டத் தொடங்கினேன். குழந்தை பின்புறம் பார்த்து உட்காரும் வகை சீட்டு அது. முதலில் முன்சீட்டை மடக்கித் தள்ள வேண்டும். அப்படிக் கிடைக்கும் சந்தில் என் தலை, தோள், பிறகு சீட்டு என்று வரிசையாக உள்ளே போக வேண்டும். கொக்கியைத் தேடி விரல் மெத்தைக்குள் போயிருந்தபோது சீட்டு பெல்ட் என் கழுத்தைச் சுற்றியது. ஒருவழியாக மாட்டி முடித்த பிறகு, முன்சீட்டைத் திரும்பப் பின்னால் தள்ளினால் குழந்தை சீட்டில் இடிக்கிறது. அதில் அப்பாவை உட்காரச் சொன்னேன். முழங்கால் இரண்டும் டேஷ்போர்டில். "நல்லாத்தான் இருக்கு" என்றார் அப்பா, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு. இறங்கும்போது விற்பனைப் பையன் ஒரு கை, நான் ஒரு கை.

ஓட்டிப் பார்த்தேன். நெடுஞ்சாலை ஏற்றத்தில் ஒரே ஒரு தடவை முழுக்க மிதித்தேன். பிக்கப் என்றால் அது பிக்கப். சீட்டு முதுகில் வந்து அறைந்தது, பின்னால் மகள் கைகொட்டினாள், அப்பா "ஏய்" என்றார். அதற்குள் வேக வரம்பு வந்துவிட்டது. மொத்தம் நாலைந்து வினாடி இருக்கும். அந்த வினாடிகளைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

ஆனால் தினமும் ஓட்டும் வண்டியில் தினமும் சந்திப்பது அந்த 480 குதிரைகளையா? கதவைத்தான். இரண்டு கதவு வண்டிக்குக் கதவு நீளம். ஞாயிற்றுக்கிழமை கோயில் பார்க்கிங்கில், இந்தப் பக்கம் ஒரு வேன், அந்தப் பக்கம் ஒரு வேன் நின்றால் ஒரு சாண்தான் திறக்கும். வயிற்றை எக்கிக்கொண்டு வெளியே வந்துவிடலாம், தூங்கும் குழந்தையை எடுக்க முடியாது. பிறகு டயர். வேகத்துக்காகப் போட்டுத் தரும் கோடைக்கால டயர் ஏழு டிகிரிக்குக் கீழே விறைத்துப் பிடிப்பை இழக்கும். எங்கள் ஊரில் ஏழு டிகிரிக்குக் கீழே என்பது பாதி வருஷம். பின்சக்கரம் இழுக்கும் வண்டியைப் பனியில் ஓட்ட முடியாதென்றில்லை, பனி டயர் போட்டுப் பலர் ஓட்டுகிறார்கள். கராஜில் மிச்ச நாலு டயரை அடுக்க இடமும் அதைப் பார்த்துப் பேசாமல் இருக்கும் மனைவியும் வேண்டும். காப்பீட்டைப் பற்றி என் வாயால் சொல்லக் கூடாது. நாட்டிலேயே வாகனக் காப்பீடு எகிறிக் கிடக்கும் மாநிலங்களில் எங்களுடையதும் ஒன்று, அந்தத் தொகையைக் கணக்கிடும் நிரலில் நான் எழுதிய வரிகளும் இருக்கின்றன.

ஜிடிஐயில் அப்பாவுக்கு முதலில் கண்ணில் பட்டது சீட்டுத் துணி. சிவப்பும் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்டது. "என்னடா, சீட்டுக்குக் கைலி கட்டி விட்டிருக்கான்!" முதல் ஜிடிஐக்கு அந்தக் கட்டத் துணியைத் தேர்ந்தெடுத்தவர் குன்ஹில்ட் லில்யெக்விஸ்ட் என்ற பெண்மணி, பீங்கானில் ஓவியம் தீட்டிப் பழகியவர். கியர் குமிழைக் கோல்ஃப் பந்தாகச் செய்ததும் அவர் யோசனைதான். அப்பா அதைக் கேட்டு முடிக்கும் முன்பே பின்கதவைத் திறந்து, தலை இடிக்காமல் உள்ளே போய்க் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பின்னால் டிக்கியில் இருபது பவுண்டு சோனா மசூரி மூட்டை, தள்ளுவண்டி, அப்பாவின் இரண்டு பெட்டி எல்லாம் அடங்கும். கேலனுக்கு 25 மைலைத் தாண்டும், மஸ்டாங் ஜிடி 20-ஐத் தொடாது.

குறை இல்லாமல் இல்லை. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கக் குமிழ் கிடையாது, தடவிப் பார்க்கும் பட்டை. இருட்டில் அது ஒளிராது. கையுறை போட்ட விரலுக்கும் தொடுபட்டைக்கும் ஒத்துவராது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பனிநாட்டுக்கு வண்டி விற்பவர்களுக்குத் தெரியவில்லை. உலகமெங்கும் வாடிக்கையாளர்கள் திட்டித் தீர்த்து, ஸ்டியரிங்கில் மறுபடி பொத்தான் வந்தது அடுத்த மாடலில். அந்த மாடலில் கிளட்ச் இல்லை.

கிளட்ச் வென்றது. ஒருவர் வைத்திருந்து விற்ற 2024 ஜிடிஐ, சிவப்பு, வீட்டுக்கு வந்தது. பூஜை போடப் பான்டியாக் ஊரிலிருக்கும் பராசக்தி கோயிலுக்குப் போனோம். அமெரிக்க மசில் கார் பிறந்த ஊருக்குப் போய், ஒரு ஜெர்மன் வண்டிக்கு எலுமிச்சம்பழம் நசுக்கினோம். அம்மன் ஒன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்டில் உட்வர்ட் அவென்யூவில் ட்ரீம் க்ரூஸ். 1995-இல் தொடங்கிய திருவிழா. ஃபெர்ண்டேலிலிருந்து பான்டியாக் வரை பழைய கார்கள் வரிசை கட்டி ஊரும். ஓட்டம் என்று சொல்ல முடியாது, நம்மூர்த் தேர்தான் கொஞ்சம் முன்னே போகும். 700 குதிரைத்திறன் டாட்ஜ் ஹெல்கேட்டும் என் ஜிடிஐயும் ஒரே வேகத்தில் அரைமணி நேரம் ஊர்ந்தோம். இடதுபுறம் திரும்ப வேண்டுமானால் நேராகப் போய், யூ-டர்ன் அடித்து, வலதுபுறம் திரும்ப வேண்டும் என்கிற மிஷிகன் வழக்கப்படி ஒருவழியாக ஓரம் கட்டினோம்.

அங்கே நீல நிற 1964 ஜிடிஓ ஒன்று நின்றிருந்தது. பக்கத்தில் மடக்கு நாற்காலியில் எழுபது வயதுக்காரர். அப்பா நேரே போய், உலகத்து இந்தியத் தகப்பன்மார் அனைவர் சார்பாகவும் கேட்டார்: "சார், மைலேஜ் எவ்வளவு?"

அவர் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. "என் மனைவி நம்புகிற எண்ணைச் சொல்லட்டுமா, உண்மையைச் சொல்லட்டுமா?" என்றார். நான் மொழிபெயர்த்தேன். அப்பாவுக்கு அவரை மிகவும் பிடித்துப்போய்விட்டது. ஐஸ் பெட்டியிலிருந்து குளிர்பானம் எடுத்துத் தருவதற்காக அந்தப் பெரியவர் டிக்கியைத் திறந்தார். அப்பா எட்டிப் பார்த்தார், கையை உள்ளே விட்டு ஆழம் பார்த்தார், என் பக்கம் திரும்பினார்.

"டேய், அரிசி மூட்டை நாலு படுக்குமேடா இதுல. நீ ஏன் இதைப் பார்க்கல?"