பம்பைப் பிரித்த பராக்கிரமம்

மெக்கானிக் முன்னால் விவரம் தெரிந்தவன்போல் நிற்க நான் படும் பாட்டில் பாதி பட்டால், விவரத்தையே தெரிந்துகொண்டுவிடலாம். ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்தால் ‘ஊங்ங்’ என்று ஒரு முனகல். போர்ட்டிகோ டைல்ஸில் சிவப்புச் சிவப்பாக ஆயில் சொட்டு. “பவர் ஸ்டீரிங் பம்ப் சார். செட்டா மாத்திடலாம்” என்றார் அவர்.

“ஏன், சீல் கிட் போட்டா ஆகாதா?” என்றேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

“ஆகும் சார். உக்காந்து பிரிக்கத்தான் ஆள் இல்ல.”

ஆள் அங்கேயே அகப்பட்டுக்கொண்டான்.

ஜி.பி. ரோட்டில் சீல் கிட் சல்லிசாகக் கிடைத்தது. மிச்சமான பணத்தை வீட்டில் உரக்க அறிவித்தேன். சர்க்கிளிப் பிளையர், புல்லி கழற்றும் புல்லர் ஆகியவற்றின் பில் பர்ஸிலேயே இருந்தது. புல்லர் ஆடம்பரமில்லை: ஷாஃப்டில் புல்லியை அழுத்தி ஏற்றியிருப்பார்கள், சுத்தியலால் தட்டினால் புல்லியும் கோணும், உள்ளே இருப்பதும் போகும்.

மூடியைத் திறந்ததும் பேச்சே வரவில்லை. என் விஷயத்தில் அது அபூர்வம். கோழிமுட்டை வாக்கில் குடைந்த ஒரு வளையம். நடுவே வட்ட ரோட்டர். அதன் பிளவுகளில் நகத்தளவு எஃகுத் தகடுகள் பத்து. ரோட்டர் சுழலும் வேகத்தில் தகடுகள் வெளியே வந்து வளையத்தை உரசிக்கொண்டே ஓடும். இடம் விரிகிறபோது ஆயிலை உறிஞ்சி, ஒடுங்குகிறபோது நெருக்கித் தள்ளும். கார் டயரின் காற்றழுத்தம் 30 பி.எஸ்.ஐ. சொச்சம், உள்ளங்கையில் அடங்கும் இந்தச் சாமான் 1,000-ஐத் தாண்டும்.

மனைவியின் எவர்சில்வர் தட்டில் தகடுகளைப் பரப்பி விரிவுரையை ஆரம்பித்தேன். ஒரு விளிம்பு மழமழவென்று வளைந்திருக்கும், மறு விளிம்பு தட்டை. வளைந்த விளிம்புதான் வளையத்தை உரச வேண்டும், ஏனென்றால்…

“வளைஞ்சது வெளிப்பக்கம். அவ்வளவுதானே? எப்பங்க முடியும்?”

இந்தக் கேள்விக்குச் சரித்திரத்தில் பதில் வைத்திருந்தேன். ஃபிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்க எஞ்சினியர் பவர் ஸ்டீரிங்கை 1926-லேயே ஓட்டிக் காட்டிவிட்டார். கிரைஸ்லர் அதைக் காரில் வைத்து விற்றது 1951-ல்.

“நாளைக்குப் பையனை ஸ்கூல்ல விடணும்” என்றாள்.

சீல், ஓ-ரிங் எல்லாம் மாற்றிப் பூட்டியாயிற்று. மீதி வேலை காற்றெடுப்பது. முன்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினைப் போடாமலேயே ஸ்டீரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெல்லத் திருப்ப வேண்டும். திருப்பியது அவள். ஆயில் டப்பாவை உற்றுப் பார்க்கும் நிபுணர் பதவி எனக்கு. காற்று கலந்த சிவப்பு ஆயில் ரோஸ்மில்க்காக நுரைத்து, குமிழி விட்டு, மெல்லத் தெளிந்தது. முனகல் நின்றது; டைல்ஸும் காய்ந்தது. “பரவாயில்லையே, ஸ்டீரிங் லேசா இருக்கு” என்று அவள் தன்னையே பாராட்டிக்கொண்டாள்.

போன வாரம் மச்சான் புதுக் காரின் பானெட்டைத் தூக்கிக் காட்டினார். எலெக்ட்ரிக் ஸ்டீரிங்: பம்ப் இல்லை, ஆயில் இல்லை, கசிய ஒரு சீல்கூட இல்லை. மனிதர் ஞாயிற்றுக்கிழமைகளை எப்படித்தான் ஓட்டுகிறாரோ, பாவம்.