சக்கரத்துக்கு ஆயிரம் டாலர்

ஆஸ்திரேலியாவில் ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கியவர் முதலில் ஸ்னார்க்கல் என்னும் காற்றுக் குழாயை மாட்டுவார். பிறகு கூரையில் விளக்குப் பட்டை, முன்னால் வின்ச். நூறு டாலருக்கும் குறைவான டயர் பிரஷர் கேஜ் மட்டும் கடைசிவரை நினைவுக்கு வராது.

கருமண் நிலம் மழை பெய்தால் களிமண் குழம்பாகிவிடும். பாதை மூடியாயிற்று என்று பலகை வைப்பார்கள். அது அடுத்தவருக்கு வைத்த பலகை என்றே நம் வீரர் படிப்பார். அவர் போட்ட பள்ளம் வெயிலில் காய்ந்து கல்லாகிவிடும். கிரேடர் வந்து சீவும்வரை பின்னால் வருகிறவர்களின் இடுப்பெலும்புதான் அதற்கு வாடகை கட்டும். நியூ சவுத் வேல்ஸின் மேற்குப் பகுதியில் மூடிய பாதையில் ஓட்டினால் சக்கரத்துக்கு ஆயிரம் டாலர் வரை அபராதம். பின்னால் டிரெய்லர் இழுக்கிற குடும்பஸ்தர் கூட்டல் கணக்கை வீட்டிலேயே போட்டுக்கொண்டு கிளம்பலாம்.

மணலில் காற்றைப் பதினைந்து, பதினெட்டு பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் டயர் அகன்று படியும், சுழன்று குழி பறிக்காது. இறக்காதவர்கள் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறார்கள். பாதை தகரக் கொட்டகைக் கூரைபோல் அலையலையாகிவிடுகிறது.

கேப் யார்க்கில் 1887இல் முடிந்த தந்திக் கம்பி வழி இப்போது சாகசப் பாதை. அங்கே கன்ஷாட் ஓடையின் செங்குத்துச் சரிவைச் சுற்றிச் செல்லும் வழிக்குக் கோழித் தடம் என்று பெயர்; ஆங்கிலத்தில் கோழி என்றால் கோழை. சேற்றைக் கண்டு ஒதுங்குகிற ஒவ்வொருவரும் ஒரு புதுத் தடம் போட, பாதை அகலமாகிக்கொண்டே போகிறது. கோழிகள் மட்டும் இன்னும் அந்தப் பக்கம் வரவில்லை.