தார்ப்பாய் சார்

குரோம்பேட்டையோ தில்லைநகரோ, தெருவுக்கு ஒருவர் இருப்பார். வீட்டு முன்வாசலில் தார்ப்பாய் போர்த்திய ஒரு மேடு. உள்ளே இருப்பது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. தினமும் ஓடுகிற மாருதி தெருவில் வெயில் காயும். "வண்டி வேலை நின்னுபோச்சா சார்?" என்று கேட்டுப் பாருங்கள், முகம் சுண்டிவிடும். "நிக்கலை. கொஞ்சம் தள்ளி வெச்சிருக்கேன்."

ஹெரால்டைப் பற்றி அவரிடம் வாய் கொடுத்தால் மதியச் சாப்பாடு போச்சு. இங்கிலாந்து டிரையம்ஃப் ஹெரால்டின் தம்பி; இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வரைந்த உடம்பு; 948 சிசி என்ஜின்; 1961 முதல் நம்ம சென்னையில் செய்த கார். எல்லாம் உண்மைதான். ஆனால் வினை வேறோர் இடத்தில் இருக்கிறது. மற்ற கார்களைப்போல் இதன் உடம்பு ஒரே கூடாகப் பற்றவைத்தது இல்லை. தனிச் சேஸிஸ் மேல் போல்ட் போட்டு முடுக்கியது. பானெட்டைத் தூக்கினால் முன்பக்க மட்கார்டு இரண்டும் சேர்ந்தே எழுந்து வரும். ஸ்பேனர் செட்டும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் இருந்தால் எவனும் கழற்றிப் போட்டுவிடலாம். இவரும் போட்டார். மூத்தவளுக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங் கடிதம் அந்த வாரம்தான் வந்தது.

டிங்கரிங் பணம் கல்லூரிக்குப் போனது. என்ஜின் போரிங்குக்கு வைத்தது மாடி எடுக்கப் போனது. பெயிண்டிங் பணத்தில் கல்யாணத்துக்கு வீட்டுக்கே பெயிண்ட் அடித்தார்கள், அதுவும் அவர் வண்டிக்கென்று பொறுக்கி வைத்திருந்த அதே கிரீம் கலரில். புதுப்பேட்டைக்கு வீல் சிலிண்டர் தேடிப் போன அன்று மாமியாருக்கு வாக்கர் வாங்கி வந்தார். பின் சீட் ஹாலில் சோபாவாகிவிட்டது. டிக்கியில் கொலு பொம்மைகள். சித்திரை பிறந்தால் தார்ப்பாயின் மேல் கூழ்வடகம் காயும்; "ஏங்க, காக்கா வருது, அங்கயே நில்லுங்க" என்று உள்ளிருந்து குரல் வரும். அந்த வீட்டில் ஹெரால்டு செய்யாத வேலை ஓடுவது ஒன்றுதான்.

2021இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது: 50 வருஷம் தாண்டிய, அசல் வடிவம் கெடாத, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிகளை 'விண்டேஜ்' என்று தனி நம்பரில் பதியலாம்; கட்டணம் 20,000 ரூபாய். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. "நான் எதையும் மாத்தலையே! கழட்டி மட்டும்தானே வெச்சிருக்கேன்!" அந்த 20,000 ரூபாய்க்கு வாஷிங் மெஷின் வந்தது.

குடும்பத்துக்காகக் கச்சேரியை விட்டவர்கள், கிரிக்கெட்டை விட்டவர்கள் ஊரில் ஏராளம். வாய் திறந்து சொன்னால்தான் நமக்குத் தெரியும். இவருடைய தியாகம் கிட்டத்தட்ட 13 அடி நீளத்தில் வாசலிலேயே நிற்கிறது. பால்காரர்கூடச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். மனைவிக்கு எரிச்சல் செலவால் இல்லை, இதனால்தான் என்று நினைக்கிறேன்.

போன தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை, நல்ல பையன், "மாமா, பணம் நான் போடறேன், பொங்கலுக்குள்ள வண்டியை ஓட்டிடலாம்" என்றார். தார்ப்பாய் சார் முகத்தில் அன்று பார்த்த பீதியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. "அவசரம் என்ன மாப்ள? முதல்ல உங்க வீட்டு லோன் முடியட்டும். இதை அப்புறம் பார்த்துக்கலாம்."

ஆகவே, வண்டியை விலைக்குக் கேட்கவோ முடித்துத் தரவோ அந்தப் பக்கம் யாரும் போக வேண்டாம். "ஒரிஜினல் கார்புரேட்டர் கிடைச்சுதா சார்?" என்று மட்டும் கேளுங்கள். காபி நிச்சயம். வடகப் பருவமாக இருந்தால் ஒரு பொட்டலமும் கிடைக்கும்.